அலெக் கின்னஸைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழித்துணை

கின்னஸ் என்று மட்டும் இணையத்தில் தேடினால் முதலில் ஒரு கறுப்பு பீர் வரும்; அடுத்து உலகச் சாதனைப் புத்தகம் வரும்; அலெக் என்பதையும் சேர்த்துத் தேடினால் முக்காடிட்ட அங்கியும் வெண்தாடியுமாக, கையில் ஒளிவாள் ஏந்திய ஒரு முதியவர் வருவார். மூன்றாவதாக வந்தவர்தான் நமக்கு வேண்டியவர். ஆனால் அந்த ஒரு படத்தைக் கொண்டு அவரை அறிந்துகொள்ள முயல்பவர், வீட்டின் கொல்லைப்புற வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்பவரைப் போன்றவர். 1934 முதல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக லண்டன் மேடையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் இயங்கிய ஒரு நடிகரை எந்த வரிசையில் பார்ப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பவற்றைப் புதிதாக வருவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. கின்னஸுக்கு நட்சத்திர முகம் கிடையாது. மெலிந்த மயிர், அகன்ற நெற்றி, பெரிய காதுகள், வெளிர்ந்த கண்கள் என்று எங்கேயும் பார்க்கக்கூடிய ஒரு முகம் அது. இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தவர்கள்கூட இரண்டிலும் நடித்தவர் ஒருவரே என்பதை எழுத்துகள் ஓடும்போதுதான் தெரிந்துகொள்வதுண்டு. ஆகவே முகத்தைத் தேடாதீர்கள், நடையைத் தேடுங்கள். ஒரு பாத்திரம் எப்படி நடக்கும் என்பது பிடிபட்ட பிறகே மற்றவற்றைக் கட்டி எழுப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாப் படங்களும் திறந்துகொள்ளும்.

படம் பார்க்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வாழ்க்கை வரலாற்றை முழுதாகப் படித்துவிட்டுப் படங்களுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் அவருடைய இளமைப் பருவத்தைப் பற்றிச் சில செய்திகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அவர் 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனில் பிறந்தார். தாயின் பெயர் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பள்ளிச் செலவை ஏற்றுக்கொண்ட ஆண்ட்ரூ கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளரே தந்தையாக இருக்கலாம் என்பது பலருடைய ஊகம். பீர் குடும்பத்தோடு உறவு இருந்ததாக உலவிய பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. தாய்க்கும் மகனுக்கும் நிலையான வீடு இருக்கவில்லை. பதினான்கு வயதுக்குள் தமக்கு மூன்று வெவ்வேறு பெயர்கள் இருந்ததாகவும், ஏறத்தாழ முப்பது விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் குடியிருந்ததாகவும் பின்னாளில் அவரே எழுதினார். இடையில் சில ஆண்டுகள் ஸ்டிவன் என்ற ஸ்காட்லாந்துப் படைத் தலைவர் மாற்றாந்தந்தையாக வந்து, சிறுவனை அச்சுறுத்திவிட்டுப் போனார். பெயரும் ஊரும் வீடும் மாறிக்கொண்டே இருந்த ஒரு சிறுவன் வளர்ந்து, வேறு ஆளாக மாறுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டான் என்பதில் யாரும் அதிகம் வியப்படையப் போவதில்லை. இருந்தாலும் அவர் படங்களைப் பார்க்கும்போது அந்த வெற்றிடம் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

பள்ளி முடித்ததும் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். நடிப்புப் பயிற்சிக்கு வழி கேட்டு அக்காலத்தின் பெரும் மேடை நடிகரான ஜான் கீல்குட்டை அணுகினார். கீல்குட் அவரை மார்ட்டிட்டா ஹண்ட் என்ற நடிகையிடம் அனுப்பினார். பின்னர் ஃபே காம்ப்டன் நாடகப் பள்ளியில் உதவித்தொகையோடு படித்து, 1934இல் வசனமே இல்லாத ஒரு வேடத்தில் மேடையேறினார். அதே ஆண்டு இறுதியில் கீல்குட் நடத்திய ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடம் கிடைத்தது. இவ்வளவு போதும், இனிப் படத்துக்குப் போகலாம்.

முதல் படி: ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951)

பலரும் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தில் தொடங்கச் சொல்வார்கள். நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். எட்டு வேடங்களை முதலிலேயே பார்த்துவிட்டால் வேடங்களை எண்ணுவதிலேயே கவனம் போய்விடும்; நடிப்பைப் பார்க்க மனம் ஒதுங்காது.

சார்லஸ் கிரிக்டன் இயக்கிய இந்தப் படம் ஏறக்குறைய எண்பது நிமிடம்தான் ஓடும். லண்டனின் மேற்குப் பகுதியில் இருந்த ஈலிங் ஸ்டுடியோ, போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில் எடுத்த நகைச்சுவைப் படங்களில் இதுவும் ஒன்று. வங்கிக்குப் போகும் தங்கக் கட்டிகளைப் பல ஆண்டுகளாகக் கூடவே காவலிருந்து கொண்டுசேர்க்கும் ஹாலண்ட் என்ற எழுத்தர், அந்தத் தங்கத்தைத் தாமே கொள்ளையடித்து, உருக்கி, ஈபிள் கோபுர வடிவிலான பொம்மைகளாக வார்த்துப் பிரான்சுக்கு அனுப்பத் திட்டமிடுகிறார். இந்தப் படத்தின் திரைக்கதைக்காக டி. இ. பி. கிளார்க் ஆஸ்கர் பெற்றார்; சிறந்த நடிகருக்கான பட்டியலில் கின்னஸின் பெயரும் இடம்பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது ஹாலண்டின் பணிவு. அலுவலகத்தில் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. மிகுந்த நாணயம், கொஞ்சமும் கற்பனை இல்லாதவர் என்பதே மேலதிகாரிகளின் மதிப்பீடு. கின்னஸ் அந்த மதிப்பீட்டுக்கு ஏற்பத் தோளைக் குறுக்கி, சிறு அடிகளாக வைத்து நடக்கிறார். திட்டம் மனத்தில் உருவாகும் இடத்தில் பெரிய முகமாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. கண்களில் மட்டும் ஒரு சிறு ஒளி வந்து போகிறது. அந்த ஒளியை நீங்கள் பிடித்துவிட்டால் அடுத்த படிக்குத் தயாராகிவிட்டீர்கள். படத்தின் தொடக்கத்தில் ஒரு நொடி வந்து போகும் இளம்பெண், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆட்ரி ஹெப்பர்ன் என்பது இலவச இணைப்பு.

இரண்டாம் படி: ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ (1949), இரண்டு முறை

ராபர்ட் ஹேமர் இயக்கிய இந்தப் படத்தில் கதாநாயகன் கின்னஸ் அல்லர், டென்னிஸ் பிரைஸ். பிரபுக் குடும்பத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் மகனாகிய அவர், தமக்கும் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராக, மிக நயமான நடத்தையோடு தீர்த்துக்கட்டுகிறார். அந்த உறவினர்களாகிய டாஸ்காயின் குடும்பத்தார் எட்டுப் பேராகவும் கின்னஸே வருகிறார்: பிரபு, வங்கியாளர், பாதிரியார், படைத்தலைவர், கடற்படைத் தளபதி, இரண்டு இளைஞர்கள், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடும் லேடி அகதா. முதலில் நான்கு வேடங்களே அவருக்கு அளிக்கப்பட்டதாகவும், நான்கு ஏன், எட்டும் ஏன் கூடாது என்று அவர் கேட்டதாகவும் சொல்வார்கள்.

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். அடுத்த முறை தேவாலய இறுதிச் சடங்குக் காட்சிக்காகப் பாருங்கள். ஒரே சட்டகத்தில் ஆறு டாஸ்காயின்கள் அமர்ந்திருக்கும் அந்தக் காட்சியைக் கணினி இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம்ப் எடுத்தார். கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸின் முன் ஒரு பகுதியை மட்டும் திறந்து படம்பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து, அதற்குள் கின்னஸ் அடுத்த ஒப்பனைக்கு மாறி வந்து அமர, இப்படியே ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறார்கள். கேமரா இம்மியளவு நகர்ந்தாலும் எல்லாம் வீண்.

இந்த வித்தையைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. எட்டுப் பேரில் சிலர் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் ஒருவரை முழு மனிதராக நிறுத்த வேண்டும், ஆனால் எட்டுப் பேரும் ஒரே குருதி என்பதும் தெரிய வேண்டும். ஒப்பனையை மறந்துவிட்டு உட்காரும் விதத்தைக் கவனித்தால் குடும்பச் சாயல் புலப்படும்: உலகம் தமக்காகவே படைக்கப்பட்டது என்று ஐயமே இல்லாமல் நம்புகிறவர்களின் அமர்வு அது.

ஈலிங் சுவை பிடித்துப்போனவர்கள் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கிய ‘தி மேன் இன் தி ஒயிட் சூட்’ (1951), ‘தி லேடிகில்லர்ஸ்’ (1955) ஆகிய இரண்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். முதலாவது, அழுக்கும் ஏறாத, கிழியவும் செய்யாத துணியைக் கண்டுபிடிக்கும் ஒரு வேதியியலாளரின் கதை. ஆலை முதலாளியும் தொழிலாளியும் ஒன்று சேர்ந்து அவரைத் துரத்துவார்கள். இரண்டாவதைத் தேடும்போது 2004இல் அதே பெயரில் வந்த அமெரிக்க மறு ஆக்கம் அகப்படக்கூடும். ஆண்டைப் பார்த்து எடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நல்ல நண்பனும் ஒரு சங்கடமான கிழவனும்

இப்போது சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1939இல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைக் கின்னஸே நாடகமாக்கி, அதில் ஹெர்பர்ட் பாக்கெட் என்ற நண்பனாக நடித்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர், அப்போது படத்தொகுப்பாளராக இருந்த டேவிட் லீன். பிறகு போர் வந்தது. கின்னஸ் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாகி, 1943இல் சிசிலிப் படையெடுப்பின்போது படைவீரர்களைக் கரையிறக்கும் படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்ததும் லீன் அந்த நாவலைப் படமாக்கியபோது (1946) ஹெர்பர்ட் வேடத்துக்கு அவரையே அழைத்தார். இந்தப் படத்தில் அவர் இளமையாக, வெளிப்படையாக, ஒப்பனையின்றித் தெரிவார். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு உடனே ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1948) பாருங்கள்.

சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகின் வேடத்தைக் கின்னஸ் கேட்டபோது லீன் சிரித்துவிட்டாராம். ஒப்பனைச் சோதனைக்கு ஒரு வாய்ப்பு மட்டும் கேட்டு வாங்கி, நாவலின் முதல் பதிப்புக்கு ஜார்ஜ் குருக்‌ஷாங்க் வரைந்த சித்திரங்களிலிருந்து எழுந்து வந்தவர்போல் நின்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்குதான். திரையில் இருப்பவருக்கு அறுபது சொல்லலாம்.

ஆனால் இந்தப் படத்தைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். பெரிதாக நீட்டப்பட்ட அந்த மூக்கும் குழைந்த பேச்சும் யூதர்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர மரபைச் சேர்ந்தவை. நாஜிகளின் இன அழிப்பு முடிந்து நான்கு ஆண்டுகளும் ஆகாத நிலையில், 1949இல் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்காவில் 1951 வரை வெளியிட முடியவில்லை. வெளியானபோதும் சில பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. நடிப்புத் திறனுக்கு இது உயர்ந்த சான்று என்பதும், அந்தத் திறன் ஒரு நச்சுப் படிமத்துக்கு உயிர் கொடுத்தது என்பதும் இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நான் விரும்பவில்லை.

நான்காம் படி: இலங்கை ஆற்றங்கரையில் ஒரு நடை

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) படத்துக்கு ஒரு விடுமுறை நாளை முழுதாக ஒதுக்குங்கள். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடும். கைபேசியில் பார்க்க வேண்டாம். அகலத்திரைக்காக எடுக்கப்பட்ட படம்.

கதை நடப்பது தாய்லாந்தில். படம் எடுக்கப்பட்டது இலங்கையில், களனி ஆற்றின் கரையிலுள்ள கித்துல்கலையில். ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் படைப்பிரிவின் தலைவரான கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பு செய்ய வேண்டியதில்லை என்ற விதிக்காக உயிரையும் கொடுக்கத் துணிகிறார். பிறகு அதே பிடிவாதத்தோடு எதிரிக்கு மிகச் சிறந்த பாலம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கிறார். வீரமும் மடமையும் ஒரே முதுகெலும்பில் நிமிர்ந்து நிற்கும் இந்த மனிதரை எந்த அளவுக்குப் பரிவோடு காட்டுவது என்பதில் நடிகருக்கும் இயக்குநர் லீனுக்கும் படப்பிடிப்பு முழுவதும் சச்சரவு. முதலில் இந்த வேடத்தைக் கின்னஸ் மறுத்திருந்தார்; தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் இரவு விருந்துக்கு அழைத்துப் பேசிப் பேசியே இணங்க வைத்தார். சச்சரவு வீண்போகவில்லை. இருவர் இழுத்த இழுப்பில் நிக்கல்சன் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறார்.

நீங்கள் காத்திருக்க வேண்டிய காட்சி இது: இரும்புத் தகட்டுக் கூண்டுக்குள் வெயிலில் நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட நிக்கல்சன் வெளியே அழைத்து வரப்பட்டு, முகாம் தலைவர் சைட்டோவின் குடிசை வரை நடந்து செல்கிறார். கால்கள் பின்னுகின்றன, உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஆனாலும் அணிவகுப்பில் செல்லும் அதிகாரியின் மிடுக்கை அந்த உடல் விட்டுவிட மறுக்கிறது. இந்த நடையைக் கின்னஸ் தம் மகன் மேத்யூவிடமிருந்து எடுத்துக்கொண்டார். பதினொரு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்த மேத்யூ, தேறிவந்து மீண்டும் நடக்கப் பழகிய நாட்களில் தந்தை பார்த்த நடை அது.

அந்த நோய்க்காலத்துக்கு இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. 1954இல் வெளிவந்த ‘ஃபாதர் பிரவுன்’ படத்துக்காகப் பிரான்சில் பாதிரியார் உடையில் இருந்த கின்னஸ், ஒரு மாலை அதே உடையோடு தங்குமிடத்துக்குத் திரும்பும்போது, ஓடிவந்த ஒரு சிறுவன் அவரை உண்மைப் பாதிரியார் என்று நம்பிக் கையைப் பற்றிக்கொண்டு, பேசிக்கொண்டே கூட நடந்தானாம். அந்த நம்பிக்கை அவரை உலுக்கியது. மகனின் நோயின்போது வீடு திரும்பும் வழியில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் நுழைந்து மன்றாடும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, 1956இல் அவர் கத்தோலிக்கரானார். அடுத்த ஆண்டு அவர் இலங்கையில் இருந்தபோதே மனைவி மெருலாவும் அதே வழியைப் பின்பற்றினார். இவற்றைத் தெரிந்துகொண்டு அந்த நடையை இரண்டாம் முறை பாருங்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தப் படத்தில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லும் அந்தப் பாதையை அமைக்க, 1942–43இல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆசை காட்டியும் கட்டாயப்படுத்தியும் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, மாண்ட மேலைநாட்டுப் போர்க்கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். படம் அவர்களைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. நிக்கல்சனும் கற்பனைப் பாத்திரமே. உண்மையில் அங்கே மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, வேலையை இயன்றவரை தாமதப்படுத்தப் பார்த்தவர். வரலாற்றுக்காக இந்தப் படத்துக்குப் போகாதீர்கள்.

படம் ஏழு ஆஸ்கர்களைப் பெற்றது. அவற்றில் ஒன்று கின்னஸுக்கு. 1959இல் ‘சர்’ பட்டமும் வந்தது.

இதற்கு உடன்பிறப்பாக ‘டியூன்ஸ் ஆஃப் குளோரி’ (1960) படத்தை அடுத்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. இங்கே அவர் செம்பட்டைத் தலையும் உரத்த குரலுமாக, குடித்துக் கூத்தாடி, அன்பாலும் அச்சுறுத்தலாலும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றைக் கைக்குள் வைத்திருக்கும் அதிகாரி. அடங்கிய நடிப்புக்குப் பெயர்போன ஒருவர் இவ்வளவு இரைச்சலை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால், சிறுவயதில் வந்துபோன அந்த ஸ்காட்லாந்துப் படைத் தலைவரைத்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. இது என் ஊகமே.

ஐந்தாம் படி: கண்ணாடியைத் துடைக்கும் மனிதர்

அவசரப்படுகிறவர்கள் இந்தப் படியில் தடுக்கி விழுவார்கள். 1979இல் பிபிசி ஒளிபரப்பிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ ஏழு பகுதிகள் கொண்ட தொடர். அமெரிக்க ஒளிபரப்புக்காக ஆறு பகுதிகளாகச் சுருக்கப்பட்ட வடிவமும் உலவுகிறது; ஏழு பகுதி உள்ளதையே தேடி எடுங்கள். 2011இல் வந்த திரைப்படம் வேறு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜான் லெ காரேயின் நாவலில் வரும் ஜார்ஜ் ஸ்மைலி, வேலையிலிருந்து விலக்கப்பட்ட உளவு அதிகாரி. தம் பழைய அலுவலகத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்க இரகசியமாக அழைக்கப்படுகிறார். தாம் அவ்வளவு பருமனானவர் அல்லர், இரட்டைத் தாடையும் இல்லை என்று கின்னஸ் தயங்கி லெ காரேக்குக் கடிதம் எழுதினார். பிறகு உண்மையான ஒரு மூத்த உளவு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டுடன் ஒரு மதிய உணவுக்கு லெ காரே ஏற்பாடு செய்தார். ஓல்ட்ஃபீல்டின் காலணி, சட்டைக் கைப்பொத்தான், நடக்கும் விதம், கண்ணாடிக் குவளையின் விளிம்பில் விரலை ஓட்டும் பழக்கம் எல்லாவற்றையும் கின்னஸ் உண்டுகொண்டே மனத்தில் பதித்துக்கொண்டார்.

பார்க்கும் முறை இது. ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். முணுமுணுப்பிலேயே பாதிக் கதை நகர்கிறது. முதல் இரண்டு பகுதிகளில் யார் யார் என்று புரியாவிட்டால் பின்வாங்க வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக ஓர் அறைக்குள் வந்து பேச்சின்றி அமரும் தொடக்கக் காட்சியை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிறகு ஸ்மைலியைப் பாருங்கள். அவர் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. எதிரில் இருப்பவர் பேசுகிறார், பெருமை அடிக்கிறார், பொய் சொல்கிறார், அழுகிறார், இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இடையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஈலிங் காலத்தில் எட்டு முகங்கள் தேவைப்பட்ட நடிகர், அறுபத்தைந்து வயதில் ஒரு முகத்தைக்கூட முழுதாகப் பயன்படுத்தாமல் ஓர் அறையைத் தன்வசப்படுத்துவதை இங்கே காணலாம். கேட்டல் என்பதும் நடிப்புதான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து திரையில் இல்லை. இதன் தொடர்ச்சியான ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ (1982) ஆறு பகுதிகள். அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். இரண்டுக்கும் அவர் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவைப் பெற்றார்.

பார்க்க முடியாதவற்றை அணுகும் விதம்

கின்னஸ் தம்மை முதன்மையாக மேடைக்காரராகவே கருதினார். நமக்கோ அந்தப் பகுதிதான் கைக்கு எட்டாதது. சில நாட்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளலாம். 1938இல், இருபத்து நான்கு வயதில், டைரோன் கத்ரி இயக்கத்தில் ஓல்ட் விக் அரங்கில் அவர் ஹாம்லெட்டாக நடித்தார். தற்கால உடையில், ஒரு வரியும் வெட்டாமல் நிகழ்த்தப்பட்ட நாடகம் அது. 1951இல் மீண்டும் ஹாம்லெட்டை, இம்முறை தாமே முன்னின்று நடத்தினார். முதல் நாள் விளக்கமைப்புத் தவறிப்போனது, மேல்மாடியிலிருந்து கூச்சல் எழுந்தது, விமரிசகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேடத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. 1953 ஜூலை 13 அன்று கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில், ஒரு பெருங்கூடாரத்தில் ஷேக்ஸ்பியர் விழா தொடங்கியபோது மூன்றாம் ரிச்சர்டாக முதல் வரியைப் பேசியவர் அவர்; அந்த விழா இன்றும் நடக்கிறது. 1960இல் டெரன்ஸ் ராட்டிகனின் ‘ராஸ்’ நாடகத்தில், முதல் உலகப் போரின்போது அரபுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்து போரிட்ட பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸாக நடித்தார், இரண்டே ஆண்டுகளில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தில் அதே லாரன்ஸுக்கு எதிரே இளவரசர் ஃபைசலாக அமர்ந்திருந்தார். 1964இல் நியூயார்க்கில் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து, அமெரிக்க நாடக உலகின் டோனி விருது பெற்றார். கடைசி மேடை 1988–89இல் லண்டனில் நடந்த ‘எ வாக் இன் தி வுட்ஸ்’.

இவற்றுக்கான நல்ல வழித்துணை அவருடைய எழுத்தே. 1985இல் வந்த ‘பிளெசிங்ஸ் இன் டிஸ்கைஸ்’ என்ற நினைவுநூலில் தம்மைப் பற்றிச் சொல்வதைவிட, தாம் சந்தித்தவர்களைப் பற்றியே அதிகம் சொல்கிறார். அதுவும் ஒரு வகை மறைவுதான். முதுமையில் எழுதிய இரண்டு நாட்குறிப்பு நூல்கள் இன்னும் இலகுவானவை. நாய்கள், திருப்பலி, விலைவாசி, நண்பர்களின் மரணம் என்று எல்லாம் வரும். ஆங்கிலம் கடினம் என்று தயங்குவோர் நாட்குறிப்புகளில் தொடங்கலாம்.

கடைசியாக, கொல்லைப்புற வாசல்

இப்போது ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) பாருங்கள். அதன் வசனங்களைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இருந்ததில்லை. ஆனால் ஊதியத்தோடு இலாபத்தில் 2.25 சதவீத அளவில் ஒரு பங்கும் பேசிக்கொண்டிருந்ததால், வாடகைக்கு அஞ்சி ஊர் ஊராக அலைந்த தாயின் மகனுக்கு முதுமையில் பணக்கவலை இல்லாமல் போனது. அந்தப் படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையோடு வந்து சொன்ன ஒரு சிறுவனிடம், இனிமேல் அதைப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டு, அவனை அழவைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். எரிச்சல் இருக்கட்டும், திரையில் அதன் சுவடு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். தெரியாது. வெறும் அட்டைச் சொற்களாக இருந்திருக்கக்கூடிய வரிகளை, பல நூற்றாண்டுகளாக நம்பி வந்த ஒன்றை நினைவுகூர்பவரைப் போல அவர் பேசுகிறார். நிக்கல்சனையும் ஸ்மைலியையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு, முக்காட்டுக்குள் இருப்பவர் யார் என்பது இப்போது தெரியும்.

லீன் இந்தியாவில் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) படத்தில் கின்னஸ் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக, முகத்தில் பழுப்புச் சாயம் பூசி வருகிறார். பக்கத்திலேயே விக்டர் பானர்ஜி இயல்பாக நடித்துக்கொண்டிருக்க, இந்த வேடம் ஒட்டாமல் தனித்து நிற்கிறது. அவர் உழைத்துப் பயின்ற நடனக் காட்சியும் படத்தொகுப்பில் வெட்டப்பட்டது. மாற்றமே தொழிலாகக் கொண்டவருக்கும் மாறக்கூடாத இடம் ஒன்று உண்டு என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், புதியவர்கள் தள்ளிப்போடலாம்.

கின்னஸ் 2000 ஆகஸ்ட் 5 அன்று காலமானார்; அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மெருலா அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். கின்னஸின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன வரிசையை வார இறுதிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டால், ஸ்மைலி தொடர்கள் உட்பட மூன்று மாதங்களில் முடித்துவிடலாம். முடித்த பிறகும் ஆர்வம் மிச்சமிருப்பவர்கள், ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடும் ‘லிட்டில் டாரிட்’ (1987) படத்தின் இரு பாகங்களையும் எடுத்து, கடன்காரர் சிறையில் பெருந்தன்மை காட்டும் வில்லியம் டாரிட்டாகக் கின்னஸ் முற்றத்தில் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள்.